கண்ணை மட்டும் விட்டுடுங்க

தாம்பரத்தில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் ஒரு வெட்டுக்குத்துச் செய்தியைப் பேச்சில் எடுத்துப் போடுங்கள். டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "எல்லாம் சினிமா பண்ற வேலை சார்." கொஞ்சம் படித்தவராக இருந்தால், கூடவே செல்போன் விளையாட்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்.

2023இல் 'ஜெயிலர்' வந்தது. ரஜினி ஒருவன் தலையைச் சீவும்போது குரோம்பேட்டை தியேட்டரில் விசில் பறந்தது. படம் விட்டதும் விசிலடித்த பையன்கள் ஜிஎஸ்டி சாலையைக் கடந்து மின்சார ரயில் ஏறினார்கள். தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் இறங்கி, ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். படம்தான் கத்தியை எடுக்க வைக்கிறது என்றால், அன்றிரவு அந்த ரயில் தாம்பரம் வந்து சேர்ந்திருக்காது.

விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்பார்கள். 1961இல் ஆல்பர்ட் பண்டுரா செய்த பொம்மைச் சோதனைதான் அடிக்கடி சாட்சிக்கு வரும். பொம்மையை ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அடித்தார்கள். ஆனால் அந்த முதல் சோதனையில் குழந்தைகள் பார்த்தது திரையை அல்ல. கண்ணெதிரே நின்று அடித்த ஒரு பெரியவரை. திரையில் காட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். வன்முறை வீடியோ விளையாட்டுகளைப் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது: கத்துவது, தள்ளிவிடுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாக 17 வயதுத் தாம்பரத்துப் பையன் ஒருவன் பிடிபட்டான். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். சில நாள்கூட ஆகவில்லை, பிணமாகத்தான் வெளியே வந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அவர்கள் எந்தப் படம் பார்த்தார்கள் என்று எந்த டீக்கடையும் கேட்கவில்லை. கை ஓங்குவது பெரியவர் என்றால் அதற்குப் பெயர் 'திருத்துவது'.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அப்போதும் சினிமாவின் பெயர் அடிபட்டது. அரிவாளைப் பிடிக்கும் தோரணையை வேண்டுமானால் சினிமா கற்றுக்கொடுத்திருக்கலாம். யார் வீட்டுக் கதவைத் தட்டி வெட்டுவது என்பதை? அதைக் கற்றுக்கொடுத்தது சாதி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்களின் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிற்றைப் பையன் கையில் கட்டிவிட்டது எந்த ஹீரோவும் இல்லை.

ஆறு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரத்தக்களரிப் படம் பார்ப்பது சரி என்று நான் சொல்லவில்லை. தணிக்கைச் சான்றிதழைத் தியேட்டர் வாசலில் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது பையன் ராத்திரி பயப்படாமல் தூங்குவதற்கான ஏற்பாடு. கத்தியைத் தடுக்கும் ஏற்பாடு அல்ல.

ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்த்த அன்று அப்பா வாத்தியாரிடம் சொன்னார்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." வாத்தியார் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. அந்த வருடம் புளியம் விளாறு என் கெண்டைக்காலில் பதித்த கோடுகளை, வீட்டுக்கு வந்ததும் தம்பியின் முதுகில் இறக்கி வைத்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. அப்பா சொன்ன அந்த வாசகம் மட்டும் இன்னும் பள்ளி வாசல்களில் காதில் விழுகிறது.

தோலை உரிக்க ஆள் வைத்துவிட்டு, விட்டுவைத்த கண் எதைப் பார்த்தது என்று விசாரிக்கிறோம்.