மக்கு என்னும் சொல்

"நீ மக்கு, பால்மரம் சீவத்தான் லாயக்கு" என்பது தோட்டப்புறத்தில் வழிவழியாகக் கேட்டுவரும் வசை. பெற்றோர் சொல்வர், ஆசிரியராகிய நாமும் சொல்லியதுண்டு, மறைப்பதற்கில்லை. பிள்ளையையும் அவனுக்குச் சோறிட்ட தொழிலையும் ஒருசேரத் தாழ்த்துகிறோம் என்பதை அப்போது எண்ணிப் பார்த்தோமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்குத் தாளை வெறுமையாகவே நீட்டினான். வினவியபோது, "எனக்கு வராது சார், அப்பாவே சொல்லிட்டாரு" என்றான். மளிகைக் கடைப் பற்றினைத் தாய்க்கு மாதந்தோறும் கூட்டிக் கொடுப்பவன் அவனே என்பது பின்னர்தான் தெரிந்தது!

அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் ஆகிய இருவர் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்த சில மாணவரைக் காட்டி, 'இவர்கள் விரைந்து முன்னேறுவர்' என்று ஆசிரியர்களிடம் கூறிவைத்தனர். கீழ் வகுப்புகளில் அம்மாணவர் அறிவுத் தேர்வில் மற்றவரை விஞ்சினர். அவ்வாய்வைக் குறைகூறிய அறிஞரும் உளர். எனினும், ஆசிரியரின் நம்பிக்கை பிள்ளையைத் தொடும் என்பதை நாம் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறோம்.

மரம் சீவுவோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. கத்தி பட்டையைக் கடந்து கட்டையைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; மறுமுறை அங்குச் சீவுவது எளிதன்று. அடுத்த முறை மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடும்போது, "எந்தக் கணக்கில் தடுமாறினாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

அம்மாணவனிடம் வகுப்பு நிதிக் கணக்கை ஒப்படைத்தோம். ஆண்டிறுதியில் 48 மதிப்பெண் பெற்றான். அவன் தந்தையோ, "நாற்பத்தெட்டுத்தானா?" என்றார்.