இளையோருக்குத் தனிக் கூலி விகிதம்: நாம் கேட்கலாமா?

கூலியைக் குறைத்தால் லாபம் கூடும் என்பது காகிதத்தில் சரியாக வரும் கணக்கு. கடை நடத்துகிறவர்களுக்கோ அது எப்போதும் அப்படி வருவதில்லை என்பது தெரியும்.

அண்மைக் காலமாக வணிகர் கூட்டங்களில் ஒரு கோரிக்கை அடிக்கடி எழுகிறது. "நேற்று வந்த பதினெட்டு வயதுப் பையனுக்கும் பல வருடம் பழகிய சிப்பந்திக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன நியாயம்? இளையோருக்குக் குறைவான தனி விகிதம் வைக்கும்படி அரசைக் கேட்க வேண்டும்" என்பதே அது. கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாடகையும் மின் கட்டணமும் ஏறிக்கொண்டே போகின்றன. பெரிய நிறுவனங்களின் அங்காடிகள் ஒரு பக்கம், வீட்டு வாசலுக்கே சரக்கு கொண்டு போகும் ஆன்லைன் வியாபாரம் மறுபக்கம் என்று நெருக்கடி அதிகம். எங்காவது செலவு குறையாதா என்று வணிகர்கள் ஏங்குவது இயற்கையே.

எனினும் இந்தக் கோரிக்கையை நம் சங்கம் கையில் எடுக்கக் கூடாது என்பதே நமது கருத்து. இரக்கத்தை மட்டும் வைத்து இப்படிச் சொல்லவில்லை. வியாபாரக் கணக்காகவும் அது நமக்குக் கட்டாது.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது?

1948 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், வயது வந்தோர், வளரிளம் பருவத்தினர், சிறுவர், தொழில் பழகுநர் ஆகியோருக்குத் தனித்தனி விகிதங்கள் நிர்ணயிக்க அரசுக்கு இடம் கொடுத்திருந்தது. வளரிளம் பருவம் என்பது 14 முதல் 18 வயது வரை. பதினெட்டு நிறைந்துவிட்டால் அந்தச் சட்டத்திலும் முழுக் கூலிதான். அதற்குப் பதிலாக 2019 இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தொழிலாளியின் திறனையும் வேலை செய்யும் பகுதியையும் கொண்டே இனிக் கூலி நிர்ணயம். வயதை வைத்து வகுக்கும் பிரிவு புதிய தொகுப்பில் இல்லை. ஆகவே இன்று நம்மவர்கள் கேட்பது, பழைய சட்டமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தராத ஒன்றை.

சரி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காவது கேட்கலாமே என்பார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதற்கு மேற்பட்ட வயதுப் பையன்களை வைப்பதிலும் தடைகள் உண்டு. நமது மாநிலத்தின் 1947 ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, 17 வயது நிறையாதவரைக் காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம்தான் கணக்கு. மண்டிக்கு லாரி வந்து நிற்பது விடியற்காலையில். மளிகைக் கடையில் கூட்டம் சேருவது மாலை ஏழு மணிக்கு மேல். அந்த இரண்டு வேளையும் இல்லாத ஆளைக் குறைந்த கூலிக்கு வைத்து யாருக்கு என்ன லாபம்? பள்ளியில் இருக்க வேண்டிய வயதுப் பிள்ளையைக் கடைக்கு இழுத்த பழியும் நம் தலையில் விழும்.

குடும்பக் கூலி என்ற வாதம்

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் வலுவானது. அதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது முறையன்று.

1957 இல் கூடிய 15 ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள் சேர்ந்து மூன்று நுகர்வு அலகுகள், ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனியாக, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம் என்பது அந்தக் கணக்கு. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருமணம் போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 இல் கூறியது. "இது குடும்பஸ்தனுக்கான கூலி. கல்யாணம் ஆகாத பையனுக்கு எதற்கு நான்கு பேர் சாப்பாட்டுக் கணக்கு?" என்று கேட்கிறார்கள்.

நம் கடைகளில் நிற்கும் பையன்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பொட்டலம் கட்ட வருவதில்லை. அப்பா நோய்வாய்ப்பட்ட வீடு, அக்கா கல்யாணக் கடன் உள்ள வீடு, மழை பொய்த்த ஊர் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. மாதம் பிறந்தால் அவன் சம்பளம் ஊருக்குப் போகிறது. அவனுக்கு மனைவி மக்கள் இல்லை. அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குடும்பத்தை வைத்துத்தான் கூலி என்றால், ஐந்து பிள்ளை பெற்றவருக்குக் கூடுதல் கூலி கொடுக்க நாம் தயாரா? இல்லை அல்லவா? நாம் கொள்முதல் செய்யும் புளிக்கு விவசாயியின் வயதைக் கேட்டு விலை பேசுவதில்லை. தரம் பார்த்து, எடை பார்த்துப் பேசுகிறோம். உழைப்புக்கும் அதுவே முறை.

லாபம் யாருக்கு?

இப்போது கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு முழுக் கூலி மாதம் 12,000 ரூபாய், இளையோர் விகிதம் அதில் முக்கால் பங்கு, அதாவது 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையன் உள்ள கடைக்கு மாதம் மிச்சம் 3,000 ரூபாய், நாளொன்றுக்கு 100 ரூபாய். கிலோ 150 ரூபாய் விற்கும் துவரம் பருப்பை ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டும்போது, கை பழகாதவன் பொட்டலத்துக்குப் பத்து கிராம் கூடப் போட்டால், எழுபது பொட்டலத்தில் 700 கிராம். நூற்றைந்து ரூபாய் போயிற்று. அரை மனதோடு வேலை செய்கிறவன் ஒரு நாளில் எத்தனை எழுபது பொட்டலம் கட்டுவான் என்று நமக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. இருநூறு இளைஞர்களை வைத்து நடத்தும் பெரிய அங்காடிக்கு இதே சலுகையில் மாதம் மிச்சம் ஆறு லட்சம் ரூபாய். அந்த ஆறு லட்சத்தைக் கொண்டு சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் விலை குறைத்துப் பலகை வைப்பார்கள். நமது வாடிக்கையாளர்கள் அங்கே போவார்கள். நாம் மனுக் கொடுத்து வாங்கித் தரும் சலுகை நமது போட்டியாளருக்கே போய்ச் சேரும்.

பெயர் கெடுவதும் ஒரு நஷ்டமே. நம் மாநிலத்தின் மேற்கு மாவட்ட நூற்பாலைகள் பலவற்றில் நடந்த 'சுமங்கலித் திட்டம்' நினைவிருக்கும். இளம் பெண்களைப் பழகுநர் என்ற பெயரில் சேர்த்து, அன்றாடக் கூலியைக் குறைத்து, மூன்று வருட முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை என்றார்கள். விஷயம் வெளியே வந்தபோது வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் கேள்வி கேட்டன. நேர்மையாகக் கூலி கொடுத்த ஆலைகளுக்கும் சேர்த்தே கெட்ட பெயர் வந்தது.

மேல்நாட்டு உதாரணம்

"இங்கிலாந்தில் இளையோருக்குத் தனி விகிதம் இருக்கிறதே" என்று சிலர் காட்டுகிறார்கள். உண்மைதான். 1999 ஏப்ரலில் அங்கே தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது, 22 வயது முதல் மணிக்கு 3.60 பவுண்டு, 18 முதல் 21 வயது வரை 3 பவுண்டு என்று வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 இல் 25 வயதிலிருந்து உயர்ந்த விகிதம் கொண்டுவந்தார்கள். அந்த வயது வரம்பு 2021 இல் 23 ஆகவும், 2024 இல் 21 ஆகவும் இறங்கியது. 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 12.21 பவுண்டு, 18 முதல் 20 வரை 10 பவுண்டு. 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பதே நோக்கம் என்று அந்நாட்டு அரசு அறிவித்திருக்கிறது. நெதர்லாந்திலும் முழுக் கூலிக்கான வயது 23 இலிருந்து 2017 இல் 22 ஆகவும், 2019 இல் 21 ஆகவும் குறைக்கப்பட்டது. கூலி ஏறினால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்காது என்ற அச்சம் அங்கே ஓய்ந்துவிடவில்லை. வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் படிப்படியாக விட்டு வரும் ஒன்றை நாம் புதிதாகக் கேட்டு வாங்க நினைப்பது பொருந்தவில்லை.

வயது வரம்பால் இன்னொரு கேடும் உண்டு. இருபது வயது வரை மலிவு என்றால், இருபத்தொன்று பிறந்தவுடன் அவனை நிறுத்திவிட்டு வேறு பையனைச் சேர்க்கும் ஆசை வரும். சரக்கு பழகி, வாடிக்கையாளர் முகம் பழகி, பேரேடு படிக்கத் தெரிந்த நேரத்தில் அவன் போய்விடுவான்.

பழைய முறை என்ன சொல்கிறது?

"அந்தக் காலத்தில் சாப்பாடு மட்டும் போட்டு வேலை பழக்கினார்களே" என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. ஆம், பழக்கினார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், அடுத்தாளாகி, பின்பு மேலாளாக உயர வழி இருந்தது. நம் ஊர் மளிகைக் கடைகளிலும் சம்பளத்தை முதலாளியிடமே சேர்த்து வைத்து, பத்து வருடம் கழித்துத் தனிக் கடை போட்டவர்கள் ஏராளம். ஆரம்பக் கூலி குறைவு. ஆனால் மேலே ஏறப் படி இருந்தது. இன்று நம்மில் எத்தனை பேர் பையனுக்குக் கொள்முதல் கற்றுக்கொடுக்கிறோம்? எத்தனை பேர் கல்லாவில் உட்கார வைக்கிறோம்? படியை எடுத்துவிட்டுக் கூலியை மட்டும் பழைய முறையில் கேட்பது தர்மம் ஆகாது. உணவுப் பொட்டலம் கொண்டு போகும் வேலைக்கு நம் பையன்கள் பைக் எடுத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் கேட்க வேண்டியது

பழகாத ஆளால் முதல் சில மாதங்கள் கடைக்கு நஷ்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த நஷ்டத்துக்கு வழி கேட்பதில் தவறில்லை. ஆனால் அது பழகும் காலத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும். பிறந்த தேதியை ஒட்டியதாக அல்ல.

1961 ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் சேர்க்கலாம். 2019 இல் திருத்திய விதிகளில், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தார்கள். 2016 இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு உதவித்தொகையில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை ஏற்கிறது. ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் நம் கடைகளுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இவை. நான்கு பேர் என்ற வரம்பைத் தளர்த்தி, ஒரு கடைத்தெருவின் சிறு கடைகள் சங்கத்தின் மூலம் கூட்டாகப் பழகுநரைச் சேர்க்க அனுமதி கேட்க வேண்டும். பழகும் காலம் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த வருடத்துக்குள் எடை, சரக்குத் தரம், ஜி.எஸ்.டி. பில், இருப்புக் கணக்கு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அதன்பின் முழுக் கூலி, வங்கிக் கணக்கில். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982 இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இளையோர் விகிதம் கேட்டு மனுத் தயாரிக்கும் எண்ணம் இருந்தால், அதை அடுத்த பொதுக்குழுவில் வைத்து, சிறு கடைக்காரர்களின் கருத்தையும் கேட்டு முடிவு செய்யட்டும். நமது வாக்கு அதற்கு எதிராகவே இருக்கும்.