சித்தப்பாவும் டைகர் உட்ஸும்

எங்க சித்தப்பாவுக்கு இடுப்புல ரெண்டு எலும்பை ஸ்க்ரூ, ராடு போட்டு ஒண்ணாக்கி ஆறு வாரம் ஆகுது. பார்க்க வர்றவங்க ரெண்டு ரகம். முதல் ரகம், "முதுகுல கத்தி வச்சாச்சு, இனி அசையாம கிட" என்று சொல்லி ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போகும். இரண்டாவது ரகம் எங்க அத்தான் மாதிரி. "டைகர் உட்ஸைப் பாருங்க மாமா, இதே ஆபரேஷன் பண்ணிட்டு மாஸ்டர்ஸ் ஜெயிச்சான்" என்று வீடியோ காட்டும். எனக்கு இரண்டு பேர் மேலயும் கோபம்தான்.

ஸ்க்ரூ எலும்பை ஒட்ட வைப்பதில்லை. எலும்பு தானாக வளர்ந்து ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். காங்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் பலகை நிற்கிற மாதிரி. இறுகப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. அதனால்தான் ஆரம்பத்தில் குனியாதே, கனம் தூக்காதே, இடுப்பைத் திருகாதே என்கிறார்கள். நடக்காதே என்று யார் சொன்னது? ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்களே! படுத்தே கிடந்தால் தசை கரையும், காலில் ரத்தம் உறையலாம். ஆஸ்பத்திரியில் வராந்தா முழுக்க நடந்த மனிதர், வீட்டுக்கு வந்தபிறகு பாத்ரூமுக்கு மட்டும் நடக்கிறார். கெண்டைக்கால் சூம்பிவிட்டது. எல்லாம் பாசத்தால் வந்த வினை. சித்திக்கு டாக்டர் சொல்வதைவிடப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வதில் நம்பிக்கை அதிகம் :-(

அத்தானுக்கு வருவோம். உட்ஸுக்கு அந்த ஆபரேஷன் நடந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முன்பே 2014-ல் ஒன்று, 2015-ல் இரண்டு என்று முதுகில் மூன்று ஆபரேஷன். ஐந்து மாதம் கழித்தும் அவர் முழு வீச்சில் பந்தை அடிக்கவில்லை, சின்னச் சின்ன அடிதான். போட்டிக்குத் திரும்பியது நவம்பர் கடைசியில். ஒரு போட்டியை ஜெயித்தது 2018 செப்டம்பரில், மாஸ்டர்ஸ் 2019 ஏப்ரலில். முழுசா ரெண்டு வருஷம்! வீடியோவில் அந்த ரெண்டு வருஷம் மட்டும் இருக்காது. அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. ஒட்டிய இடம் அசையாது என்பதால் அதன் பாரம் பக்கத்து மூட்டுக்குப் போகும் என்கிறார்கள். 2025 அக்டோபரில் உட்ஸுக்கு, ஒட்டிய இடத்துக்கு நேர் மேலே இருந்த டிஸ்க்கை மாற்றினார்கள். இதுதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இடுப்பைக் காப்பாற்றத் தொடைக்கும் வயிற்றுக்கும் பிசியோதெரபிஸ்ட் கொடுக்கிற போரடிக்கிற பயிற்சிகளை வருஷக்கணக்கில் செய்யத்தான் வேண்டும்.

சித்தப்பாவுக்கு மாஸ்டர்ஸ் வேண்டாம், தெருமுனை டீக்கடை போதும். போன ஞாயிறு நானும் அவரும் பாதி தூரம் போய்த் திரும்பினோம். பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்து என்னைத் திட்டினார். வர்ற ஞாயிறு கடை வரைக்கும் போறதா பேச்சு. டீ மட்டும்தான், சிகரெட் கிடையாது, நிகோடின் எலும்பு ஒட்டுறதைக் கெடுக்கும்னு சொன்னேன். முறைச்சார்.