‘ஆஃப்லைன்’ என்னும் பொய்

அலுவலக அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்றால், முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் அதன்முன் அமர்ந்திருக்கும் எழுத்தர்தான். ‘தெரியாமல் எதையோ அழுத்திவிட்டார்’ என்பது தீர்ப்பு. அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. வலையமைப்பில் இணைந்த அச்சுப்பொறி அடிக்கடி காணாமற்போவதற்குப் பயன்படுத்துவோரின் அறியாமை காரணமன்று. நிறுவியவர்கள் செய்யாமல் விட்ட வேலையும், உற்பத்தியாளர்கள் திறந்து காட்ட மறுத்த அறிவுமே காரணம்.

பெங்களூரின் ஜீவனஹள்ளியை எடுத்துக்கொள்ளலாம். காக்ஸ் டவுனை ஒட்டிய இப்பகுதியின் சிறு அலுவலகங்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே மேசையைச் சுற்றிப் புழங்கும். தணிக்கையாளர் அலுவலகம், தனிப்பயிற்சி நிலையம், இரத்தப் பரிசோதனைக் கூடம் என எதுவாயினும் ஏற்பாடு ஒன்றே: மூன்று நான்கு கணினிகள், ஒரு ரூட்டர், அனைவருக்கும் பொதுவாக ஓர் அச்சுப்பொறி. இரவில் மின்சாரம் போய் வருகிறது. காலையில் அச்சுப்பொறியில் விளக்கு எரிகிறது, தாள் நிறைந்திருக்கிறது, மை தீரவில்லை. கணினித் திரையோ ‘ஆஃப்லைன்’ என்கிறது. எழுத்தர் அணைத்துப் போடுகிறார், கம்பியைப் பிடுங்கிச் செருகுகிறார், வசை வாங்குகிறார். சர்வீஸ்காரர் வந்து பத்து நிமிடம் ஏதோ செய்துவிட்டு, வருகைக் கட்டணம் பெற்றுப் போகிறார். அடுத்த மின்தடைக்குப் பின் அதே கூத்து.

உள்ளே நடப்பது இதுதான். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்னும் எண்வரிசை வேண்டும். அதை ரூட்டர் தானே பகிர்ந்தளிக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993-இல் வரையறுக்கப்பட்ட இம்முறையில் முகவரி சொந்தமன்று, வாடகை. தவணை முடிந்தாலோ, அணைந்து எழும் ரூட்டர் பழைய பட்டியலை மறந்துவிட்டாலோ, நேற்று 192.168.1.5-இல் இருந்த அச்சுப்பொறி இன்று 192.168.1.9-க்குக் குடிபெயர்ந்துவிடும். பழைய எண்ணில் யாரோ ஒருவரின் கைப்பேசி குடியேறியிருக்கும். கைப்பேசிக்கு வாடகை முகவரி போதும். அதைத் தேடி எவரும் செல்வதில்லை. அச்சுப்பொறியோ எல்லாரும் தேடிச் செல்ல வேண்டிய கருவி. அதை நாடோடியாக விட்டவர் எழுத்தர் அல்லர்.

இங்கேதான் மொழியின் அநீதி தொடங்குகிறது. பெயர் ஒரு பொருளைச் சுட்டும். முகவரி அப்பொருள் இப்போது இருக்கும் இடத்தைச் சுட்டும். கணினி தேடிச் சென்றது பழைய முகவரியை. அங்கே ஆளில்லை என்று மட்டுமே அது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. மாறாக, அச்சுப்பொறியே ‘ஆஃப்லைன்’ என்று அறிவிக்கிறது. தபால்காரர் பழைய வீட்டின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘பெறுநர் இறந்துவிட்டார்’ என எழுதிக் கடிதத்தைத் திருப்பியனுப்புவதற்கு இது ஒப்பானது. தேடுபவரின் தோல்வி தேடப்படுபவரின் குறையாகச் சொல்லப்படுகிறது. அதைப் படிக்கும் எழுத்தர் நலமாயிருக்கும் கருவியை நோண்டத் தொடங்குகிறார்.

இத்தகைய சொற்பிழை புதிதன்று. ஹெச்பி லேசர்ஜெட் அச்சுப்பொறிகளின் குறுகிய திரையில் ‘பிசி லோட் லெட்டர்’ என்றொரு செய்தி வரும். 1999-இல் வெளியான ‘ஆஃபீஸ் ஸ்பேஸ்’ என்ற ஆங்கிலப் படம் அதை உலகப் புகழ்பெற்ற கேலியாக்கியது. ‘பிசி’ என்றால் கணினி என்றும், ‘லெட்டர்’ என்றால் கடிதம் என்றும் ஆங்கிலேயரே மயங்கினர். உண்மைப் பொருள், ‘தாள் தட்டில் லெட்டர் அளவுத் தாளை வை’ என்பதே. அமெரிக்க அளவான லெட்டர் 216-க்கு 279 மில்லிமீட்டர்; இந்தியா பயன்படுத்தும் ஏ4 210-க்கு 297. டிரைவரின் இயல்புநிலை அமெரிக்க அளவிலேயே விடப்பட்டால், ஏ4 தாள் நிறைந்திருக்கும்போதும் அச்சுப்பொறி தாள் கேட்டு நின்றுவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே புரியாத ஆங்கிலத்தை ஜீவனஹள்ளி எழுத்தர் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் கல்வியின் குறையா?

தீர்வு அரிய வித்தையன்று. அச்சுப்பொறியின் அமைப்பு அறிக்கையை அதன் பட்டியலிலிருந்தே ஒரு தாளில் அச்சிடலாம். இப்போதைய ஐபி முகவரியோடு, தொழிற்சாலையிலேயே இடப்பட்ட மேக் முகவரியும் அதில் இருக்கும். கம்பி இணைப்புக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு மேக் முகவரிகள் இருக்கக்கூடும். பயன்படும் இணைப்புக்குரியதையே எடுக்க வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐபி முகவரி’ என்று ஒதுக்கிவிட்டால் குடிபெயர்ச்சி நின்றுவிடும். பின்னர் ஒவ்வொரு கணினியிலும் அந்த எண்ணைக் கொடுத்தே அச்சுப்பொறியைச் சேர்க்க வேண்டும். விண்டோஸில் இன்னொரு கண்ணியும் உண்டு. போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி என்ற கட்டம் டிக் செய்யப்பட்டு, அச்சுப்பொறி அந்த விசாரிப்புக்குப் பதிலளிக்காவிட்டால், அச்சிடும் நிலையில் உள்ள கருவியும் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டப்படும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் அப்பொய்யும் ஒழியும்.

இவ்வளவு எளிய வேலை ஏன் செய்யப்படுவதில்லை? சர்வீஸ்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வது அநியாயம். ஒரு நாளில் பல இடங்களுக்கு ஓடும் தொழிலாளி அவரும். ஆனால் பழுது திரும்பத் திரும்ப வருவதில் வருமானம் இருக்கும்வரை, அதை நிரந்தரமாக நீக்குவதில் யாருக்கும் ஆர்வம் இராது. ரூட்டரின் கடவுச்சொல் இணையச் சேவையாளரிடம், அச்சுப்பொறியின் கடவுச்சொல் சர்வீஸ்காரரிடம், பழி மட்டும் எழுத்தரிடம் என்பதே நடைமுறைப் பங்கீடு.

இப்பங்கீட்டுக்கு வரலாறு உண்டு. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. அது வேறொரு தளத்தில் இருந்தது. தாள் சிக்கினால் நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்குப் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய அச்சுப்பொறிக்குச் செய்ததுபோல், தாள் சிக்கியதும் பயனருக்கு வலையமைப்பு வழியே செய்தி வரச் செய்ய விரும்பினார். மென்பொருளின் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் அறிவித்த குனு திட்டத்துக்கும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் அந்த மறுப்பு ஒரு தூண்டுதலாயிற்று. அச்சுப்பொறிச் சிக்கல் அற்பமானது என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று மறுக்கப்பட்டதற்கு இன்று ஓரளவு மாற்று உண்டு. ஐபிபி என்னும் பொது அச்சு நெறிமுறை 1999-இல் வெளியானது. நிறுவனத்துக்கொரு டிரைவர் இல்லாமலே அச்சிட வழிசெய்யும் ‘ஐபிபி எவ்ரிவேர்’ 2013-இல் வந்தது. கைப்பேசியிலிருந்து எந்த டிரைவரும் இன்றி அச்சிட முடிவது இத்தகைய பொது முறைகளால்தான். விண்டோஸின் வழியே பிற நிறுவனங்களின் டிரைவர்களை வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்டே 2023-இல் அறிவித்தது. பொது நெறிமுறை தெரியாத கருவியை மலிவென்று வாங்கும் முதலாளி, மிச்சப்படுத்திய பணத்தை வருகைக் கட்டணமாகத் திருப்பிச் செலுத்துகிறார்.

‘எல்லார் கையிலும் அமைப்பைக் கொடுத்தால் பாதுகாப்பு என்னாவது?’ என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதே. ஆனால் மூடிவைத்த அறியாமை பாதுகாப்பன்று. 2018 நவம்பரில் ஒருவர் இணையத்தில் திறந்துகிடந்த சுமார் 50,000 அச்சுப்பொறிகளைக் கண்டு, உலகெங்கும் ஒரு யூட்யூப் விளம்பரத்தை அச்சிடச் செய்தார். கடவுச்சொல் கேட்காத 9100 என்ற போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்ததே வழி. அதைத் திறந்துவிட்டவர்கள் எழுத்தர்கள் அல்லர். அமைப்பு எங்கே எப்படி இருக்கிறது என்று அலுவலகத்துக்கே தெரிந்திருந்தால்தான் எதை மூட வேண்டும் என்பதும் தெரியும்.

‘நம் ஊரில் ஆங்கிலம் போதும்’ என்பது அடுத்த சமாதானம். விண்டோஸுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் இடைமுகங்கள் உண்டு. அச்சுப்பொறியின் சிறுதிரையில் அவை அரிது. உற்பத்தியாளர் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐபி முகவரி, மேக் முகவரி, தாள் அளவு, ‘ஆஃப்லைன்’ என வந்தால் பார்க்க வேண்டியவை ஆகியவற்றை அலுவலகத்தார் பேசும் மொழிகளில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்ட அரைத்தாள் போதும். அந்த அரைத்தாளை மறுக்க எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. நிறுவல் கட்டணம் கொடுக்கும்முன், முகவரி ஒதுக்கப்பட்டதா என்று ரூட்டரை ஒருமுறை அணைத்து எழுப்பிச் சோதிக்க வேண்டும். கடவுச்சொற்கள் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். அடுத்து வாங்கும் கருவி பொது நெறிமுறையில் இயங்குவதாக இருக்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறாத அலுவலகத்தில் திரை ‘ஆஃப்லைன்’ என்று காட்டும்போது, எழுத்தரைக் கடிந்துகொள்ளும் உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது.