அழுத்தத்துக்கு முந்தைய அரை நிமிடம்

சி.பி.ஆர். பயிற்சி என்றதும் மேசைமேல் வரிசையாக வைத்த அரை உடல் பொம்மைகள்தான் நினைவுக்கு வருகின்றன. தலை, கழுத்து, மார்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 1960இல் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் ‘ரெசஸி ஆன்’ பொம்மையை ஆளுயரத்துக்கே உருவாக்கினார். விலையும் சுமையும் குறைய வேண்டுமென்று பின்னால் வந்தவை பல இடுப்போடு நின்றுவிட்டன. நெஞ்சை அழுத்திப் பழக அவை போதும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும், ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்பும்படி. ஆனால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வேலை செய்கிறவர்களைப் பயிற்றும்போது அழுத்தத்துக்கு முந்தைய அரை நிமிடத்தை நாம் விட்டுவிடுகிறோம். அதைக் கற்றுக்கொடுக்கக் கையும் காலும் உள்ள உடல் வேண்டும்.

இதயம் நின்றுபோனவர் நம் ஊர்களில் சமதரையில் வாகாக மல்லாந்து கிடப்பது அபூர்வம். திண்ணையோரக் கயிற்றுக் கட்டிலில் கிடப்பார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரியின் ஸ்டியரிங்கில் சரிந்திருப்பார். மக்காச்சோளக் காட்டின் மோட்டார் கொட்டகையில் சுருண்டிருப்பார். கயிற்றுக் கட்டிலையே எடுத்துக்கொள்வோம். அழுத்துபவர் உடம்பின் பலத்தையெல்லாம் இறக்குகிறார், கட்டில் கிறீச்சிடுகிறது, கையும் நன்றாக இறங்குகிறது. ஆனால் அந்த இறக்கத்தில் ஒரு பங்கைக் கயிறு வாங்கிக்கொள்கிறது. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே உள்ள தூரம் குறைந்தால்தானே ரத்தம் ஓடும்! மெத்தையிலும் இதே சிக்கல்தான். மார்பின்மேல் வைக்கும் அளவுக் கருவிகளில் பல, மெத்தை அமுங்குவதையும் மார்பு அமுங்கியதாகவே காட்டும். ஆகவே வீட்டில் முதல் வேலை தரைக்கு இறக்குவது. தலையை யார் தாங்குவது, அக்குளில் யார் கைகொடுப்பது, முழங்காலை யார் பிடிப்பது, ‘தூக்கு’ என்று யார் சொல்வது என்பதெல்லாம் சில நொடிகளில் முடிவாக வேண்டும். இறக்கியதும் உடலுக்கடியில் மடங்கிய கையை எடுத்துவிட்டு, மண்டியிட இடம் பார்த்து, ஆள் மாறுகிறவர் எதிர்ப்பக்கம் வந்துவிட வேண்டும். முழங்காலே இல்லாத பொம்மையில் இதை எப்படிப் பழகுவது?

உடையும் அப்படித்தான். வட அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில், பொது இடத்தில் இதயம் நின்ற ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 39 விழுக்காட்டினருக்கும் அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்திருந்தார்கள். சந்தையிலிருந்த 20 பெரியவர் பொம்மைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒன்றே ஒன்றுக்குத்தான் மார்பகம் இருந்தது. வெற்று மார்பில் மட்டுமே பழகிய கை சேலையைக் கண்டதும் தயங்குவதில் வியப்பில்லை. முந்தானையை விலக்கி, தாலிச் சங்கிலியை ஒதுக்கி, ஏ.இ.டி. என்னும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியின் பட்டையை ஒட்டும் வரிசையைச் சேலை கட்டிய ஆளுயர உடலில் பழக்கினால் அந்தத் தயக்கம் வகுப்பறையிலேயே வந்து போய்விடும்.

ஒரு முழு உடல் பொம்மையின் விலைக்குப் பல அரை உடல் பொம்மைகள் கிடைக்கும், அழுத்திப் பழக ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். அரை உடல் பொம்மைகளில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் முழு உடல் என்றாலே நாடித் துடிப்பும் பேச்சும் கொண்ட விலையுயர்ந்த கருவி என்று நினைத்துக்கொள்வது பிழை. வசதியும் ஆளும் உள்ள மையங்கள் அத்தகைய உயர்தரப் பொம்மைகளைப் பயன்படுத்தலாம் என்று சொன்ன, உயிர்மீட்புப் பரிந்துரைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான இல்கோரே, 2015 பரிந்துரையில் எளிய பொம்மைகளையும் ஏற்றுக்கொண்டது. நமக்கு வேண்டியது கால்கள், மின்னணு அல்ல. எடை மனிதனளவு இல்லையே என்பார்கள். உண்மைதான். இடுப்பிலும் தொடையிலும் மணல் பைகளைக் கட்டினால் ஓரளவு ஈடாகும். பிடியும் கட்டளையும் அப்போதும் உண்மையானவையே. பொதுமக்களுக்கு, அழுத்தம் மட்டும் கற்பிக்கும் குறும்பயிற்சிக்கு, இது தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது 108 ஆம்புலன்ஸ் பணியாளர்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோரைப் பற்றி. கொள்ளிடத்திலோ தண்ணீர் நின்ற சுரங்கக் குழியிலோ மூழ்கியவரைக் கரையேற்றி, மூச்சும் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மருத்துவக் கல்லூரிகளுக்குத் திறன் ஆய்வகம் கட்டாயம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூரில் தனியார் கல்லூரி இருக்கிறது. ஆனால் கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்பது நம் துறையில் எல்லோரும் அறிந்தது. ஆண்டுக்கொரு முறை ஆட்களைக் கல்லூரிக்கு அழைப்பதைவிட, மாவட்டத்துக்கு ஒரு பொம்மையை ஒதுக்கி ஜெயங்கொண்டம், செந்துறை, வேப்பந்தட்டை, குன்னம் என்று மூன்று மாதத்துக்கொரு முறை சுற்றவிடலாம். ஒரு பணிமுறை மாறும் நேரத்தில் இருபது நிமிடம் போதும். பொம்மையோடு மாற்று நுரையீரல் பைகள், முகத்தைத் துடைக்கும் கிருமிநாசினி, ஒரு சேலை, ஒரு கயிற்றுக் கட்டில் ஆகியவையும் வண்டியில் ஏற வேண்டும்.