வியட்நாமில் பைக் சாவி சுலபமாகக் கிடைக்கும்... லைசென்ஸ் செல்லுமா?

"பாஸ்போர்ட் குடுங்க, போதும்." வடக்கு வியட்நாமில் ஹா ஜியாங் ஊரில் ஒரு பைக் வாடகைக் கடையில் என்னிடம் கேட்ட ஒரே ஆவணம் அதுதான். லைசென்ஸ் இருக்கா என்று கேட்கவில்லை. ஓட்டத் தெரியுமா என்றுகூட கேட்கவில்லை. நானாகவே பையைத் திறந்து ஐ.டி.பி., அதாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதியை எடுத்து நீட்டினேன். கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கியது. கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "ஓகே ஓகே, நோ ப்ராப்ளம்" என்று சாவியை நீட்டிவிட்டார்.

ப்ராப்ளம் இருந்தது. அன்று ராத்திரி ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா அந்த ஐ.டி.பி.யை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது 1949-ஆ, 1968-ஆ?" எனக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்த பிறகு மறுநாள் காலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அட்வான்ஸில் பாதி போனது. போனால் போகட்டும்.

வியட்நாம் ட்ரிப் என்றாலே இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் முதல் மெசேஜ் "மச்சான், பைக் எடுத்து சுத்திடலாம்டா" என்பதுதான். ஆசை நியாயமானது. ஆனால் இந்தியாவிலிருந்து சில நாள் லீவில் போகிறவர்கள் வியட்நாமில் 50 சி.சி.க்கு மேற்பட்ட பைக்கைத் தாங்களே ஓட்டக் கூடாது என்பது என் கருத்து. பயந்து சொல்லவில்லை. நம் கையில் இருக்கும் காகிதம் அங்கே செல்லாது, அதனால் சொல்கிறேன்.

அது என்ன 1949, 1968?

ஒரு நாட்டு லைசென்ஸை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள சர்வதேச அளவில் முக்கியமாக இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று 1949-ல் ஜெனீவாவில் போட்டது. இன்னொன்று 1968-ல் வியன்னாவில் போட்டது. இந்தியா இருப்பது ஜெனீவா ஒப்பந்தத்தில். நம் ஆர்.டி.ஓ. கொடுக்கும் ஐ.டி.பி. அந்த ஒப்பந்தப்படி தயாராவது. மத்திய அரசு 2022 ஆகஸ்ட்டில் நாடு முழுக்க ஒரே மாதிரி வடிவம், க்யூஆர் கோடு என்று அதைப் புதுப்பித்தபோதும் அடிப்படை ஜெனீவாதான்.

வியட்நாம் 2014-ல் சேர்ந்தது வியன்னா ஒப்பந்தத்தில். ஜெனீவாவில் அது இல்லை. எனவே அங்கே செல்லுபடியாவது 1968 ஒப்பந்தப்படி கொடுக்கப்பட்ட ஐ.டி.பி. மட்டும்தான். ஜெர்மனியிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ வந்தவர் காட்டும் ஐ.டி.பி. செல்லும், நாம் காட்டுவது செல்லாது. இந்த விஷயத்தில் அமெரிக்கர்களும் நம்ம கட்சிதான், அவர்களுடையதும் 1949. வியட்நாமிலேயே நீண்ட காலம் தங்கி வேலை பார்ப்பவர்கள் உள்ளூர் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. தீபாவளிக்கு நாலு நாள் லீவு சேர்த்துப் போகிறவருக்கு அது உதவாது.

50 சி.சி.க்கு உட்பட்ட ஸ்கூட்டருக்கு அங்கே லைசென்ஸே தேவையில்லை. ஹோய் ஆன் மாதிரி சமவெளி ஊரில் கடற்கரைக்குப் போய்வர அது தாராளம். ஹா ஜியாங் மலையில் ரெண்டு பேர், ரெண்டு பேக் என்று ஏறினால் முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

மாட்டினால் என்ன ஆகும்?

2025 ஜனவரி 1 முதல் வியட்நாமில் புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் அமலில் இருக்கிறது. அபராதங்களும் எகிறிவிட்டன. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் 125 சி.சி. வரையிலான பைக் ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங் வரை. அதற்கு மேற்பட்ட பைக் என்றால் 60 லட்சம் முதல் 80 லட்சம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்று வைத்தால், பெரிய பைக்குக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாது. மலை ஏற நம்ம ஆட்கள் ஆசைப்படும் 150 சி.சி. டர்ட் பைக் இந்த இரண்டாவது வகையில் வருகிறது. பைக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களுக்கான வாடகையைக் கடைக்காரர் யாரிடம் கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அங்கே 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யமாக இருக்க வேண்டும். மதியம் குடித்த ஒரே ஒரு பீரும் குற்றம்தான்.

"ஆயிரக்கணக்கான பேர் ஓட்டறாங்க ப்ரோ, ஒண்ணும் ஆகல. போலீஸ் பிடிச்சா ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்." இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹா ஜியாங் பாதையில் சமீப ஆண்டுகளில் சோதனை கூடியிருக்கிறது. ஆனாலும் நிறைய பேர் மாட்டாமல் திரும்புகிறார்கள் என்பது உண்மைதான். அபராதம் கட்டிவிட்டுப் போவதோடு முடிந்தால் நானும் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். போலீஸை விட்டுவிடுங்கள். ரோட்டில் எதிரே வரும் ஆளை நினைத்துப் பாருங்கள்.

வியட்நாம் குற்றவியல் சட்டத்தின் 260-வது பிரிவு இதைப் பேசுகிறது. போக்குவரத்து விதியை மீறி ஒருவர் சாகக் காரணமானால், அபராதம் முதல் 1-5 ஆண்டு சிறை வரை தண்டனை. அதே விபத்தில் ஓட்டியவரிடம் உரிய லைசென்ஸ் இல்லை என்றால் 3 முதல் 10 ஆண்டு சிறை. வழக்கு முடியும்வரை நாட்டை விட்டு வெளியேறத் தடை போடவும் அங்கே சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு சந்தைத் திருப்பத்தில் மூட்டையோடு சாலையைக் கடக்கும் பாட்டி. ஒரு நொடி கவனப் பிசகு. திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டியவர் எந்த ஊரில் இருப்பார்?

இன்ஷூரன்ஸ் இருக்கே!

இருக்கிறது. ஃப்ளைட் டிக்கெட் போடும்போதே ஒரு டிக் அடித்து வாங்கியிருப்பீர்கள். அந்த பாலிசியின் பி.டி.எஃப். ஃபைலைத் திறந்து, எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று சொல்லும் பகுதிக்குப் போங்கள். அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி அடிபட்டால் க்ளெய்ம் இல்லை என்ற வரி பெரும்பாலான பயண பாலிசிகளில் இருக்கும். சிலவற்றில் வாடகை பைக்கே விலக்கு. காலில் ராடு வைக்க வேண்டிய எலும்பு முறிவு, ஆம்புலன்ஸில் ஹனோய் வரை பயணம், அங்கிருந்து படுத்தபடியே ஊர் திரும்ப விமானம்... எல்லாமே உங்கள் கிரெடிட் கார்டு தலையில்தான். வெளிநாட்டில் அடிபட்டவருக்கு ஆன்லைனில் நிதி திரட்டும் பதிவுகளை நீங்களும் ஃபார்வர்ட் செய்திருப்பீர்கள்.

வாடகைக் கடையில் "பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்று ஒரு சின்னச் சீட்டைக் காட்டுவார்கள். வியட்நாமில் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு அது. உங்கள் உடம்புக்கும் கடைக்காரரின் பைக்குக்கும் அதில் பைசா வராது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் எதிராளிக்கும் அந்த நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வியட்நாமில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். நேரான ரோட்டில் அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஆனால் மலைத் திருப்பத்தில் திடீரென்று லாரி எதிரே வந்தால், 10 வருஷமாக இடப்பக்கம் ஓட்டிய கை எந்தப் பக்கம் ஒதுங்கும்? நம் கை பழகிய பக்கம். லாரியும் அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கும். வால்பாறை, கொல்லிமலை எல்லாம் ஓட்டிய அனுபவம் இந்த இடத்தில் நமக்கே எதிரி.

அப்போ ஹா ஜியாங் போகவே கூடாதா?

கண்டிப்பாகப் போங்கள். நான் போனேன், பின் சீட்டில். 'ஈஸி ரைடர்' என்று அங்கே சொல்கிறார்கள். உள்ளூர் ஆள் ஓட்டுவார், நீங்கள் பின்னால் உட்கார வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கௌரவக் குறைச்சலாக இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். புல்லட் வைத்திருக்கிறவன் இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு போவதா?

குவான் பா, யென் மின், டோங் வான், மியோ வாக் என்று சுற்றி வரும் பாதை சுமார் 350 கிலோமீட்டர். மூன்று, நான்கு நாட்கள் ஆகும். இதில் ஹா ஜியாங்கிலிருந்து மியோ வாக் வரையிலான 185 கிலோமீட்டர் சாலைக்கு 'மகிழ்ச்சிச் சாலை' என்று பெயர். 1959 முதல் 1965 வரை பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே வெட்டியது. மா பி லெங் கணவாயில் இளைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் தொங்கியபடி 11 மாதம் வெட்டியிருக்கிறார்கள். கீழே நியோ குவே ஆறு பச்சை நூல் மாதிரி தெரியும். இந்தக் கதையை எனக்குச் சொன்னது என்னை ஏற்றிப் போன ரைடர். அவர் வண்டியை நிறுத்திய இடங்களில் பாதியில் போர்டே கிடையாது. நானே ஓட்டியிருந்தால் பார்த்திருக்கப் போவது ரோட்டுக் குழியும் முன்னால் போகும் லாரியின் டயரும்தான்.

செலவு? நாமே ஓட்டுவதைவிடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல் பணம் ஒரு மலைக்கிராமத்து வீட்டுக்குப் போகிறது என்பது என் கணக்கில் வராவு.

இல்லை, ஹேண்டில்பாரை நானே பிடித்தால்தான் எனக்கு ட்ரிப் என்கிறீர்களா? தாய்லாந்து போங்கள். அந்த நாடு 1949 ஒப்பந்தத்தில் இருக்கிறது, நம் ஐ.டி.பி. செல்லும். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சியாங் மாயிலிருந்து கிளம்பி மே ஹோங் சோன் வழியாகச் சுற்றி வரும் சுமார் 600 கிலோமீட்டர் பாதையில் 1,864 வளைவுகள் என்று அவர்களே கணக்கு வைத்து டி-ஷர்ட் விற்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: ஐ.டி.பி.யில் மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். காருக்கான 'பி' பிரிவில் மட்டும் முத்திரை வாங்கிப் போய் அங்கே நிற்கக் கூடாது. ஆர்.டி.ஓ. கவுன்டரை விட்டு நகரும் முன்பே திறந்து பாருங்கள். பக்கத்து நாடான இலங்கைக்குப் போகிறவர்கள், ஐ.டி.பி.யோடு அங்கே உள்ளூர் அனுமதியும் தேவை என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த நாட்டில் பைக் எடுத்தாலும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகலும் பணமும் வாங்கிக்கொள்ளும் கடை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். பாஸ்போர்ட் அவர் டிராயரில் இருந்தால், திரும்பும்போது ஒரு கீறலுக்கு அவர் சொல்வதுதான் விலை. நாளைக்கு உங்களுக்கு ஃப்ளைட் என்பது அவருக்கும் தெரியும். வண்டி எடுக்கும்போதே, கடைக்காரர் கண் முன்னால், சைலன்சர் அடிப்பக்கம் வரை வீடியோ எடுங்கள். பிரேக், டயர், ஹார்ன் மூன்றையும் நீங்களே சோதியுங்கள்.

இதில் பயணியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஐ.டி.பி. விண்ணப்பத்தோடு விசா, டிக்கெட் எல்லாம் கேட்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பது அதிகாரிக்குத் தெரியும். "இந்த நாட்டில் இது செல்லாது" என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. திருச்சியிலிருந்தே வியட்நாமுக்கு நேரடி விமானம் விட்ட காலம் இது. செல்லுபடியாகும் நாடுகளின் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து ஐ.டி.பி.யோடு இணைத்துத் தர எவ்வளவு செலவாகும்? வியன்னா ஒப்பந்தத்தில் இந்தியா சேரலாம். அல்லது நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகளோடு தனியாக உடன்பாடு போடலாம். இரண்டுக்கும் காலம் பிடிக்கும். அந்தத் தாளுக்கு ஒரு வாரம் போதும்.

ஏற்கெனவே டிக்கெட் போட்டாச்சு என்பவர்களுக்கு: ஹா ஜியாங்கில் ரைடரை முன்பதிவு செய்யும்போது, ஓட்டுபவரின் லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஹெல்மெட்டை மட்டும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். அங்கே எனக்குக் கொடுத்தது தொப்பி மாதிரி இருந்தது.