பூட்டில்லாதவரிடம் வாங்கும் கட்டணம்

பாரிமுனையில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி. கல்லாவுக்குக் கீழே பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் 23 ஆதார் அட்டைகள், ஏழெட்டு வாக்காளர் அட்டைகள், நாலைந்து ரேஷன் கார்டுகள். ஒன்றுகூட என் குடும்பத்தாருடையதில்லை. எல்லாம் இந்தப் பக்கம் நடைபாதையில் படுப்பவர்களுடையவை. பகலில் மூட்டை தூக்குவார்கள், மீன்பாடி வண்டி மிதிப்பார்கள், பூ கட்டுவார்கள். "அண்ணே, இத்த நீங்களே வச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா போயிடும்" என்று ஒரு பூக்காரம்மா முதலில் கொடுத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து இன்னொருவர். இப்போது டப்பா நிரம்பிவிட்டது.

மீன்பாடி வண்டிக்காரத் தாத்தா ஒருவர். வயது 68 என்று அட்டை சொல்கிறது. எழுபதைத் தாண்டியிருக்கும் என்று அவர் சொல்கிறார். இந்த டப்பாவுக்கு வந்து சேரும் முன் அவருடைய ஆதார் மூன்று முறை போயிருக்கிறது. முதல் முறை மழை. இரண்டாம் முறை, தூங்கும்போது எவனோ சட்டைப் பையை பிளேடால் கிழித்துவிட்டான். உள்ளே இருந்தது நாற்பது ரூபாயும் இந்த அட்டையும். மூன்றாம் முறை, அவர் லோடு அடிக்கப் போயிருந்தபோது நடைபாதையைச் சுத்தம் செய்ய வந்த லாரி அவருடைய மூட்டையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. போர்வை, சட்டை, ஒரு சின்ன முருகர் படம், ஆதார் எல்லாம் அதில் போயின.

வீட்டில் இருக்கும் நமக்கு ஆதார் தொலைந்தால் பத்து நிமிட வேலை. போனுக்கு ஓடிபி வரும். இறக்கிக்கொண்டு என்னைப் போன்றவன் கடையில் பிரிண்ட் எடுத்துவிடலாம். தாத்தாவுக்கு அப்படி முடியாது. அட்டை போன அன்று பெரும்பாலும் போனும் சேர்ந்தே போயிருக்கும். ஆதார் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. அதனால் ஆதார் மையத்துக்குப் போக வேண்டும். விரல் வைத்து எண்ணைக் கண்டுபிடித்து ஒரு தாளில் அச்சிட்டுத் தர முன்பு 30 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் 40. புதிய போன் நம்பரைச் சேர்க்க முன்பு 50, இப்போது 75. வருஷக்கணக்காக மூட்டையும் கயிறும் இழுத்து ரேகை தேய்ந்துபோனவருக்கு விரல் பதியாது. அதைப் புதுப்பிக்க முன்பு 100, இப்போது 125. காலையிலேயே டோக்கன் வாங்க நிற்க வேண்டும், அதனால் அன்றைய லோடு போச்சு. லோடு கிடைக்கும் நாளில் அவர் பார்ப்பது முந்நூறோ நானூறோதான்.

இந்தக் கணக்கில் எனக்கும் பங்கு உண்டு. ஃபாரம் எழுதிக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு நானும் அவர்களிடம் முப்பது, நாற்பது வாங்கியவன்தான். வாடகைக் கடைக்காரன் வேறென்ன செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால், ஒரே மனிதர் ஒரே அட்டைக்காக மூன்றாம் முறை வந்து நின்றபோது, கல்லாவைத் திறக்க எனக்குக் கூசியது. அரசாங்கத்துக்கும் அந்தக் கூச்சம் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆதார் முதல் முறை எடுக்க யாருக்கும் கட்டணம் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தில் ஐந்தாவது பிரிவு, நிரந்தர வீடில்லாதவர்களுக்கு எண் வழங்கச் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால், தெருவில் இருப்பவருக்குச் சிக்கல் இரண்டாம் முறையில்தான் ஆரம்பிக்கிறது. அட்டையைக் கொடுத்த அரசு, அதை எங்கே வைப்பார் என்று யோசிக்கவில்லை. பீரோ உள்ளவர் ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். பீரோ இல்லாதவர் மறுபடி மறுபடி வாங்குகிறார், ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கிறார். கட்டணப் பலகையில் எல்லாருக்கும் ஒரே தொகைதான் எழுதியிருக்கிறது. அதை அடிக்கடி கட்டுகிறவர் மட்டும் வீடில்லாதவர்.

இதில் என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வந்தபோது சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் கூழாகிவிட்டன. அப்போது அரசு சிறப்பு முகாம்கள் போட்டு, வெள்ளத்தில் போன ஆவணங்களுக்குக் கட்டணம் இல்லாமல் நகல் கொடுத்தது. நானும் வரிசையில் நின்று வாங்கினேன். "ஏன்யா பத்திரமா வைக்கல?" என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வெள்ளம் வந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இப்படி முகாம்கள் நடந்தன.

ஆக, கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது நம் அரசுக்குப் புதிதில்லை. தன் கைமீறிய காரணத்தால் ஒருவர் அட்டையை இழந்தால் அவரிடம் காசு கேட்கக் கூடாது என்ற நியாயத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக்கு ஆறு வந்தது ஒரே ஒரு முறை. தாத்தாவுக்கு ஐப்பசி மாதத்துச் சாதாரண மழையே வெள்ளம்தான். எனக்கு முகாம் போட்டார்கள். அவருக்கு ரசீது போடுகிறார்கள்.

அந்த மிக்ஜாம் சமயத்தில் நிவாரணம் 6,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. கார்டு இல்லாதவர்கள் தனியே விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரிலேயே அதிகம் நனைந்தவர்கள் என் கடை வாசலில் ஃபாரத்துக்காக நின்றார்கள். உதவித்தொகையோ, மருத்துவக் காப்பீடோ, மகளிர் உரிமைத் தொகையோ, எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி கார்டு எங்கே என்பதுதான்.

என் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களே கட்டணத் தள்ளுபடிக்கு எதிராகப் பேசுவார்கள். "குடிக்க மட்டும் காசு இருக்குல்ல?" என்பார் ஒருவர். குடிப்பவரும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. வீடு வாசலோடு குடிப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் ஆதார் பத்திரமாக பீரோவுக்குள் இருக்கிறது. குடிப்பதற்கும் அட்டை தொலைவதற்கும் உள்ள உறவைவிட, பூட்டுக்கும் அட்டை தொலைவதற்கும் உள்ள உறவு பெரிது.

"இலவசம்னா எல்லாரும் வீடில்லைன்னு சொல்லிக்கிட்டு வருவான்" என்பார் இன்னொருவர். எழுபத்தைந்து ரூபாயை மிச்சப்படுத்த, தெருவில் படுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட எத்தனை பேர் வருவார்கள்? அப்படியே சந்தேகம் இருந்தாலும் சரிபார்க்க வழி இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற இரவுக் காப்பகத்தின் பொறுப்பாளர் சான்று எழுதிக் கொடுத்தால், அங்கே தங்குபவரின் முகவரிக்கு ஆதாரே அதை ஏற்றுக்கொள்கிறது. முகவரிக்கு நம்பும் கையெழுத்தை 75 ரூபாய்க்கு நம்ப மாட்டோமா? காப்பகத்துக்குப் போகாமல் நடைபாதையிலேயே இருப்பவர்களுக்குத் தேர்தல் ஆணையம் வழி காட்டியிருக்கிறது. வீடில்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் முகவரிச் சான்று வேறு தேவையில்லை. ஓட்டுக்காக ராத்திரியில் தேடிப் போக முடிகிற ஊரில், கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வதில் பொருளில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீடில்லாதவர்களுக்கு அடையாள அட்டைக் கட்டணம் கிடையாது. அவர்களுக்கு உதவும் அமைப்பு ஒன்று படிவத்தில் உறுதி செய்தால் போதும்.

"ஆதார் கட்டணம் டெல்லி சமாச்சாரம், சென்னையில் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். கட்டணத்தை மத்திய அரசு வைக்கட்டும். அதை மாநில அரசு கட்டட்டும். தமிழ்நாட்டில் ஆதார் மையங்கள் பலவற்றை மாநில அரசின் நிறுவனங்களே நடத்துகின்றன. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் வாங்கும் சேவைக் கட்டணமோ முழுக்க மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 50,000. எண்ணிக்கை இன்று கூடியிருந்தாலும், ஒரு மாநில பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத செலவு. பெண்களுக்குப் பஸ் கட்டணத்தை எடுத்தபோது, சின்னக் காசுதான் பலரை வீட்டோடு நிறுத்தியிருந்தது என்று இந்த மாநிலத்துக்குப் புரிந்திருந்தது. 2013-இல் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டபோது யாரிடமும் கார்டு கேட்கவில்லை.

கட்டணம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. டோக்கன் வரிசை இருக்கும், தேய்ந்த விரல் இருக்கும், லாரியும் வரும். காப்பகங்களில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வைத்தால் பாதி அட்டைகள் தொலையவே தொலையாது. அதையும் செய்ய வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் இடம், ஆள், டெண்டர் வேண்டும். கட்டணத்தை எடுக்க ஒரு அரசாணை போதும்.

போன வாரம் தாத்தா வந்தார். விண்ணப்பத்தோடு வைக்க ஒரு ஜெராக்ஸ் கேட்டார். டப்பாவிலிருந்து அவர் அட்டையை எடுத்து, பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசு நீட்டினார், வேண்டாம் என்றேன். "பத்திரமா வச்சிக்க தம்பி" என்று சொல்லி அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். எதிர் நடைபாதையில் அவர் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அட்டை இந்தப் பக்கம் பூட்டுக்குள் இருந்தது. அவர் அந்தப் பக்கம் வெளியே இருந்தார்.